மூன்றாவது குழாய்

சோபாக்காரருக்கு மூக்கு இருந்தது. எடுப்பான மூக்கு, கண்ணாடி நழுவாத மூக்கு. ஆனால் அது வேலைக்குப் போவதை நிறுத்தி வெகு காலமாகிவிட்டது. சென்டையும் மண்ணெண்ணெயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் அவருக்குப் பச்சைத் தண்ணீர்தான். இந்த விஷயம் உலகத்தில் அவர் ஒருத்தருக்கு மட்டுமே தெரியும். கட்டின மனைவிக்குக்கூடத் தெரியாது என்றால் மனுஷனுடைய சாமர்த்தியத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாமர்த்தியம் என்ன பெரிய சாமர்த்தியம், எல்லாம் முகம் பார்க்கிற வித்தைதான். அடுப்படியில் மனைவி பாத்திரத்தின் மூடியைத் திறக்கும்போது இவர் பாத்திரத்தைப் பார்க்க மாட்டார், அவள் முகத்தைப் பார்ப்பார். முகம் மலர்ந்தால், "அடடா, வாசனை ஆளைத் தூக்குதே!" முகம் சுளித்தால், "என்ன, அடி பிடிச்சிருச்சா?" இப்படியே வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு தடவை மாட்டினார். அன்றைக்கு மனைவிக்குப் பல்வலி. அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டே மூடியைத் திறக்க, இவர் பொங்கிப் பொலபொலவென்று வெந்திருந்த சோற்றைப் பார்த்து, "ஐயோ, தீஞ்சு போச்சா?" என்று கேட்டுவிட்டார். அன்று மத்தியானம் அவருக்குச் சோறு கிடைக்கவில்லை.

ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்டால், மூக்கு போச்சு என்று சொன்னால் எதனால் போச்சு என்று அடுத்த கேள்வி வருமே. மீசை முளைக்காத வயசிலிருந்து பசை டப்பாவுக்கு மேலேயே குனிந்து நிற்கிற ஆளுக்கு அந்தக் கேள்வி பிடிக்குமா?

கீழே பட்டறை, மேலே வீடு. பட்டறையில் ஸ்பாஞ்சை மரச்சட்டத்தில் ஒட்டுவதற்கு மஞ்சள் பசை, தேன் மாதிரி இழுபடும். டப்பாவைத் திறந்தால் புதிதாக வருகிறவர்களுக்குக் கண் கரிக்கும். அந்த வாடையை வெளியே தள்ள பின்சுவரில் ஒரு காற்றாடி சுற்றிக்கொண்டே இருக்கும். தள்ளும், தள்ளாமல் இல்லை. எங்கே தள்ளும்? நேரே மேலே, பின்ரூம் ஜன்னலுக்குள். அந்தப் பின்ரூமில்தான் மகனும் மருமகளும் இருந்தார்கள். மருமகள் மாசமாக இருந்தாள். பட்டறையில் உட்கார்ந்து சோபா உறை தைத்துக்கொண்டிருந்தவள், வயிறு மிஷினில் இடிக்க ஆரம்பித்ததும் மாடியோடு நின்றுவிட்டாள்.

மாடியில் முன்ரூம் ஒன்று இருந்தது. தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல், நல்ல வெளிச்சம், நல்ல காற்று. அங்கே யார் குடியிருந்தார்கள் என்றால், ஒரு சோபா. கருஞ்சிவப்பு வெல்வெட், முதுகு முழுக்கப் பொத்தான் குழிகள், கடைந்தெடுத்த கால்கள். ஒரு போட்டிக்காக அவர் தன் கையாலேயே செய்து முதல் பரிசு வாங்கினது. அன்றிலிருந்து அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, தினம் காலையில் துடைத்து, யாரையும் உட்காரவிடாமல் காப்பாற்றிவந்தார். "உக்காந்தா வெல்வெட் படுத்துடும்" என்பார். சோபாவில் உட்காரக் கூடாது என்று சொல்கிற சோபாக்காரரை நீங்கள் வேறெங்கும் பார்க்க முடியாது.

ஒரு நாள் காலை, அவர் அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மருமகள் வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, குழந்தை பிறந்ததும் நாங்க இந்த ரூமுக்கு வந்துடறோமே."

"இங்க சோபா இருக்கேம்மா."

"சோபாவைப் பின்ரூமுக்கு மாத்திடலாம் மாமா. அதுக்கு மூச்சு முட்டாது."

அவர் துடைப்பதை நிறுத்தினார். "ஏன், பின்ரூமுக்கு என்ன குறைச்சல்?"

"பசை வாடை மாமா. காலையில எந்திரிச்சா தலை பாறாங்கல் மாதிரி கனக்குது. நான் எப்படியோ தாங்கிக்கறேன். பச்சைக் குழந்தை எப்படித் தாங்கும்?"

"எனக்கு ஒண்ணும் வாடை வரலையே!" என்றார் சோபாக்காரர். இதில் பொய் ஒன்றும் இல்லை, பாருங்கள். "வயித்துல புள்ளை இருக்கும்போது மூக்கு கொஞ்சம் ஓவரா வேலை செய்யும்மா. உங்க அத்தைக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

"என்னை எதுக்கு இழுக்கறீங்க?" என்று அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "எனக்கு அப்பவும் நாறிச்சு, இப்பவும் நாறுது. சொன்னா கேக்கற ஆளா நீங்க?"

"எல்லா ரூம்லயும் ஒரே காத்துதான். முன்ரூம் பின்ரூம்னு காத்துக்குத் தெரியுமா?" என்று சொல்லிவிட்டு அவர் மகனைப் பார்த்தார். மகன், சோபாக்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குகிறவன், வீட்டில் அவனுக்கு ஆமாஞ்சாமி என்று பேர். "அப்பா சொல்றதும் சரிதான்" என்றான். மனைவியைப் பார்த்து, "நீ சொல்றதும் சரிதான்" என்றான். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டான்.

மருமகள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. அதுதான் சோபாக்காரருக்கு உறுத்தியது. அடுத்த வாரமே அவளோடு படித்த தோழி ஒருத்தி வந்து சேர்ந்தாள். காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று பார்க்கிற லேபில் வேலை. பையிலிருந்து மூன்று சின்னப் பிளாஸ்டிக் குழாய்களை எடுத்து மேஜைமேல் வைத்தாள். விரல் நீளம், ஒரு பக்கம் மூடி, பேனா மாதிரி ஒரு கிளிப். அந்த நிமிஷமே சோபாக்காரர் அவளுக்குக் குழாய்க்காரி என்று பேர் வைத்துவிட்டார்.

"இதுக்குப் பேட்டரி எங்கம்மா?"

"பேட்டரி இல்லைங்க ஐயா."

"லைட்டு எரியுமா?"

"எரியாது."

"சத்தமாச்சும் வருமா?"

"வராதுங்க."

"அப்ப வேலை செய்யுதுன்னு எப்படித் தெரியும்?"

"பார்த்தா தெரியாது. சும்மா தொங்கிட்டிருக்கும்."

"இந்த மாதிரி வேலை செய்யற ஆளுங்க என் பட்டறையிலயே ரெண்டு பேர் இருக்காங்க" என்றார் சோபாக்காரர்.

குழாய்க்காரி சிரித்துவிட்டாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள். பம்பு வைத்து காற்றை உறிஞ்சுகிற மிஷின் இருக்கிறது, ஆனால் அதன் விலைக்கு ஒரு வண்டியே வாங்கலாம், அதை வீடு வீடாக மாட்ட முடியாது. இந்தக் குழாய் கொள்ளை மலிவு. மூடியைத் திறந்து தொங்கவிட்டால் போதும், காற்று தானாக உள்ளே போகும். அடியில் கரித்தூள் இருக்கிறது, பசையிலிருந்து வருகிற ஆவியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு வாரம் கழித்து மூடி லேபில் கொடுத்தால், அந்த ரூமில் இருக்கிறவர்கள் இரண்டு வாரமாக என்னத்தைச் சுவாசித்தார்கள் என்று தெரிந்துவிடும்.

"சிவப்புப் பட்டை பின்ரூமுக்கு, நீலப் பட்டை முன்ரூமுக்கு" என்றாள்.

"மூணாவது?"

"இதைத் திறக்கவே கூடாதுங்க. மூடினபடியே வீட்ல பத்திரமா இருக்கணும். குழாய்லயே ஏதாவது ஒட்டியிருந்தா, வர்ற வழியில ஏதாவது சேர்ந்தா, இதுல தெரிஞ்சுடும். இதுல எவ்வளவு இருக்கோ அதை மத்த ரெண்டுலயும் கழிச்சிடுவோம்."

"கழிச்சிடுவீங்க?"

"ஆமாங்க. கழிச்சு மிச்சம் என்னவோ அதுதான் கணக்கு."

சோபாக்காரர் தாடையைத் தடவிக்கொண்டார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "சரி, வீட்ல சண்டை வேண்டாம். முன்ரூம்ல காத்து சுத்தம், பின்ரூம்ல மோசம்னு இந்தக் குழாய் சொல்லட்டும், நானே சோபாவைத் தூக்கிடறேன். ரூம் உங்களுக்கு. சொல்லலைன்னா இந்தப் பேச்சை இதோட விட்டுடணும். சம்மதமா?"

"சம்மதம் மாமா" என்றாள் மருமகள். அவள் கை வயிற்றின் மேலே இருந்தது.

இரண்டு குழாய்களையும் திறந்து, இரண்டு ரூமிலும் ஜன்னலை விட்டுத் தள்ளி, தலை உயரத்தில் மாட்டினார்கள். மூன்றாவதை மருமகள் ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு, பின்ரூம் அலமாரியில், பிறக்கப்போகிற குழந்தைக்குத் தைத்து அடுக்கியிருந்த துணிகளுக்கு நடுவே வைத்தாள். வீட்டிலேயே பத்திரமான இடம் அதுதான் என்று அவளுக்கு நினைப்பு.

முதலில் சோபாக்காரர் அலட்டிக்கொள்ளவில்லை. பேட்டரி இல்லாத சாமான் என்னத்தைக் கிழிக்கப்போகிறது? ஆனால் பட்டறையில் குனிந்து பசை தடவும்போதெல்லாம் அந்த ஒரு வார்த்தை மண்டைக்குள் வந்து வந்து போனது. கழிச்சிடுவோம். கழிச்சிடுவோம்.

அது அவருக்குத் தெரியாத கணக்கா? மொத்தக் கடையில் பசை வாங்கும்போது டப்பாவோடு நிறுத்து, காலி டப்பா எடையைக் கழித்துத்தான் விலை போடுவார்கள். காலி டப்பா கனமாக இருந்தால்? கழிவு கூடும், உள்ளே இருக்கிற பசை குறைந்துபோகும். அப்படியானால் அந்த மூன்றாவது குழாயில் கொஞ்சம் ஆவி ஏறினால்? முன்ரூமும் பின்ரூமும் ஒரே பூஜ்யம்! ஒரே காத்து! சோபா இருந்த இடத்திலேயே இருக்கும்! மனுஷன் பசைக் கரண்டியோடு அப்படியே நின்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டார். படித்தவர்கள் போட்ட கணக்கை, டப்பா எடை போடுகிறவன் உடைத்துவிட்டான் என்று அவ்வளவு பெருமை.

மறுநாள் மத்தியானம் பெண்கள் இரண்டு பேரும் முன்கூடத்தில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். சோபாக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, பூனை மாதிரி பின்ரூமுக்குள் போனார். சொந்த வீட்டிலேயே திருடன் வேஷம். அலமாரியைத் திறந்தார். குட்டிக் குட்டிச் சட்டைகள். அடியில் ஒரு சின்னப் போர்வை. தொட்டுப் பார்த்தவருக்குத் திக்கென்றது. கருஞ்சிவப்பு வெல்வெட். அவர் சோபாவில் மிச்சமான துண்டு, எந்தக் காலத்திலோ பட்டறை மூலையில் தூக்கிப் போட்டது. மருமகள் அதை எடுத்து, துவைத்து, ஓரம் மடித்துத் தைத்து வைத்திருக்கிறாள். ஒரு நிமிஷம் அவருக்கு மனசைப் பிசைந்தது. "ச்சே, என்ன வேலை இது" என்றுகூடத் தோன்றியது. ஆனால் கை நிற்கவில்லை. குழாயை எடுத்துக்கொண்டு, பையில் ஒரு பழைய மார்க்கர் பேனாவின் மூடியைப் போட்டு வைத்தார். தொட்டுப் பார்த்தால் கனம் சரியாக இருக்க வேண்டுமே.

அடுத்து எங்கே வைப்பது என்ற யோசனை. பசை டப்பாவிலேயே முக்கி எடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அளவாக ஏற வேண்டும். "நான் போற இடத்துக்கெல்லாம் கூட வரட்டும், அது போதும்" என்று மூடியைக் கழற்றி, சட்டைப் பாக்கெட்டில் பேனா மாதிரி செருகிக்கொண்டார்.

அன்றிலிருந்து குழாய் அவரோடு பட்டறைக்குப் போனது, டீக்கடைக்குப் போனது, வீட்டுக்கு வந்தது. குளித்து சட்டை மாற்றினால் புதுச் சட்டைக்கு மாறியது. சோபா எடுக்க வந்த ஒருவர், "பேனா குடுங்க, கையெழுத்து போடறேன்" என்று பாக்கெட்டை நோக்கிக் கை நீட்ட, சோபாக்காரர் இரண்டடி பின்னால் துள்ளி, "இது எழுதாதுங்க!" என்றார். "எழுதாத பேனாவை எதுக்கு நெஞ்சுல வெச்சிருக்கீங்க?" என்று அவர் கேட்டதற்கு, "ராசி" என்று சொல்லிச் சமாளித்தார்.

மனைவிக்கும் சந்தேகம் வராமல் இல்லை. "என்னங்க அது, புதுசா பேனாவும் கையுமா? காதல் கடிதம் எழுதறீங்களா?"

"உனக்குத்தான். எழுதி முடிச்சதும் தர்றேன்."

"முதல்ல அந்தச் சட்டையைக் கழட்டுங்க, நாறுது" என்று அவள் போய்விட்டாள்.

அவருக்கு ஒரே ஒரு கவலைதான். சும்மா பாக்கெட்டில் வருகிற குழாயில் போதுமான அளவு ஏறுமா, ஏறாதா? பட்டறைக் காற்றில் அப்படி என்னதான் இருக்கிறது? சில நாள் பசை தடவும்போது நெஞ்சைத் தட்டி, "ஏதோ கொஞ்சமாச்சும் பிடிச்சு வைப்பா" என்று குழாயைக் கெஞ்சினார்.

இரண்டு வாரம் முடிகிற அன்று காலையில் மூடியைப் போட்டு, மறுபடியும் பூனை நடை நடந்து, பையில் இருந்த பேனா மூடியை எடுத்துவிட்டுக் குழாயை வைத்தார். குழாய்க்காரி வந்து மூன்றையும் எண்ணி வாங்கிக்கொண்டு போனாள். மருமகளுக்கு ஒன்றும் தெரியாது. அவள் பாவம், தோழியிடம் "அலுங்காம வெச்சிருந்தேன்டி" என்று சொல்லிக் கொடுத்தாள்.

முடிவு வந்த அன்று எல்லோரும் முன்ரூமில் கூடினார்கள். வழக்குக்குக் காரணமான ரூம் அதுதானே. சோபாவைச் சுற்றி எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். குழாய்க்காரி பையை வைத்துவிட்டு சோபாவில் உட்காரப் போக, மொத்தக் குடும்பமும் ஒரே குரலில், "உக்காராதீங்க!" என்று கத்தியது. பாவம், பயந்து எழுந்து அவளும் நின்றுகொண்டாள்.

"முன்ரூம் நல்லாத்தான் இருக்கு" என்றாள். "பின்ரூம் மோசம். ரொம்பவே மோசம். பச்சைக் குழந்தை தூங்கற இடம் இல்லை அது."

மருமகள் மூச்சை இழுத்துவிட்டாள். மாமியார் சோபாக்காரரைப் பார்த்து, "இப்ப என்ன சொல்றீங்க?" என்கிற மாதிரி புருவத்தைத் தூக்கினாள்.

"ஆனா ஒரு சிக்கல்" என்றாள் குழாய்க்காரி. சோபாக்காரருக்கு உள்ளுக்குள் சந்தோஷம் குபுக்கென்று பொங்கியது. முகத்தை மட்டும் கல் மாதிரி வைத்துக்கொண்டார். "மூணாவது குழாய்ல இருக்கவே கூடாதது இருக்கு. அதைக் கழிச்சா ரெண்டு ரூமும் பூஜ்யத்துக்குக் கீழ போகுது."

"அப்ப இந்த டெஸ்ட்டு?"

"செல்லாதுங்க ஐயா. மறுபடி முதல்லேருந்து வைக்கணும்."

மறுபடி வைத்து, மறுபடி காத்திருந்து, முடிவு வருவதற்குள் குழந்தை பிறந்து பின்ரூமில் தொட்டில் கட்டியிருப்பார்கள். அப்புறம் யார் மாற்றப்போகிறார்கள்? ஜெயித்துவிட்டார் மனுஷன். பிளாஸ்டிக் உறையின் மேல் கையை வைத்து மெல்லத் தட்டிக் கொடுத்தார்.

"டெஸ்ட் கிடக்கட்டும்ங்க, அதை எப்ப வேணா வெச்சுக்கலாம்" என்றாள் குழாய்க்காரி. அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. "நான் நேர்ல வந்தது வேற விஷயத்துக்கு. பின்ரூம்ல இருக்கறதைப் போல பல மடங்கு அந்தக் குழாய்ல இருக்கு. இவ்வளவு நான் எந்த வீட்லயும் பார்த்ததில்லை. அது எங்க இருந்துச்சு? அந்த இடத்துல யாராவது புழங்கறாங்களா? புழங்கினா முதல்ல அவங்களை அங்கேருந்து வெளிய வரச் சொல்லணும்."

மருமகளின் முகம் வெளுத்துப்போனது. "அலமாரியில இருந்துச்சுடி" என்றாள். "குழந்தை துணிக்குள்ள."

யாரும் தடுப்பதற்குள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்ரூமுக்குப் போய்விட்டாள். எல்லோரும் பின்னாலேயே ஓடினார்கள். அவள் அலமாரியைத் திறந்து குட்டிச் சட்டைகளை வாரி வாரித் தரையில் எறிந்துகொண்டிருந்தாள். "பட்டறைத் துணியில தைச்சேனே! நானே என் கையால தைச்சேனே! என் புள்ளைக்கு நானே விஷத்தைத் தைச்சு வெச்சிருக்கேனே!" அந்த வெல்வெட் போர்வையைக் கையில் எடுத்தாள். அதை எறிய அவளுக்கு மனசு வரவில்லை, வைத்துக்கொள்ளவும் பயம். அப்படியே பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். ஆமாஞ்சாமி வாயைத் திறந்து மூடினான். யாருக்கும் ஆமாம் போட முடியாத நேரம் அது.

சோபாக்காரர் வாசற்படியில் நின்றார். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், ரூம் அவருடையது, சோபா அவருடையது, மானமும் போகாது. ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெண் அழுகிற அழுகையைப் பார்த்துக்கொண்டு நிற்க அவரால் முடியவில்லை.

"அம்மா, அழாதே" என்றார். "அந்தக் குழாய் அலமாரியில இல்லை. துணிங்க சுத்தம்மா. குழாய் என் பாக்கெட்ல இருந்துச்சு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். காலி டப்பா கணக்கு, பேனா மூடி, பூனை நடை, ஒன்று விடாமல்.

"அடப்பாவி மனுஷா!" என்று மனைவி ஆரம்பித்தாள். "பேரப்புள்ளை ரூமுக்கா திருட்டு வேலை பார்த்தீங்க? ஒரு நாற்காலிக்காகவா? நீங்கல்லாம் ஒரு..." என்று மேலே திட்டப் போனவள் நிறுத்திவிட்டாள். குழாய்க்காரி சொன்னது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எந்த வீட்டிலும் பார்த்ததில்லை என்றாளே. அது இருந்த இடத்தில் புழங்குகிறவரை வெளியே கொண்டுவர வேண்டும் என்றாளே. இருந்த இடம் இவருடைய நெஞ்சு.

"ஐயா," என்று குழாய்க்காரி மெல்லக் கேட்டாள், "உங்களுக்கு வாசனையெல்லாம் சரியாத் தெரியுதுங்களா?"

"ஏன் தெரியாது? நல்லாத் தெரியும்" என்றார் சோபாக்காரர், பழக்க தோஷத்தில் மனைவி முகத்தைப் பார்த்துக்கொண்டே.

மனைவி அந்தப் பார்வையைக் கவனித்தாள். உள்ளே போய் எதையோ எடுத்துக்கொண்டு வந்தாள். "என் மூஞ்சியைப் பார்க்காதீங்க. கண்ணை மூடுங்க" என்றாள். மூடினார். அவள் தலைவலித் தைலத்தைத் திறந்து அவர் மூக்கடியில் பிடித்தாள். பக்கத்தில் நின்ற மகனுக்கே கண்ணில் நீர் வந்தது, அவ்வளவு காரமான தைலம்.

"என்ன வாசனை, சொல்லுங்க."

சோபாக்காரர் கண்ணைத் திறக்காமலேயே மூக்கை உறிஞ்சினார். "எதையாச்சும் காட்டேன், சொல்றேன்" என்றார்.

"காட்டிட்டுத்தாங்க இருக்கேன்."

அவர் கண்ணைத் திறந்தார். தைலத்தைப் பார்த்தார். அதற்குமேல் நடிக்க அவருக்குத் தெம்பில்லை. "போயிருச்சும்மா. எப்பவோ போயிருச்சு" என்றார்.

"அப்ப தினம் வாசனை தூக்குது, வாசனை தூக்குதுன்னு சொன்னது?"

"உன் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னது."

"அன்னிக்குத் தீஞ்சு போச்சான்னு கேட்டீங்களே?"

"உனக்கு அன்னிக்குப் பல்வலி."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அதற்குப் பின்னாலேயே அழுகையும் வந்தது. இரண்டையும் சேர்த்து அடக்கத் தெரியாமல் முன்ரூமுக்குப் போய், கண்ணைத் துடைத்துக்கொண்டே, எங்கே உட்காருகிறோம் என்றுகூடப் பார்க்காமல் தொப்பென்று சோபாவில் உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் உறை படபடவென்று சத்தம் போட்டது. யாரும் கத்தவில்லை. சோபாக்காரர் பின்னாலேயே வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். செய்து முடித்த நாளிலிருந்து அவர் அதில் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை.

"ஸ்பிரிங் கொஞ்சம் விறைப்பா இருக்கு" என்றார்.

"வாயை மூடுங்க" என்றாள் அவள், அவர் கையை விடாமல்.

அதற்கப்புறம் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்கள். நெஞ்சு இன்னும் முழுசாகக் கெட்டுப்போகவில்லை, பசைப் பக்கம் இப்படியே குனிந்து நிற்பதை நிறுத்தினால் பிழைத்தீர்கள் என்றார். மூக்கைப் பற்றிக் கேட்டதற்கு உதட்டைப் பிதுக்கினார். பசை வேலை கொல்லைப்புறத்துத் திறந்த கொட்டகைக்குப் போனது. மழைக்கு அங்கே ஒழுகும் என்று சொல்லித்தான் இத்தனை காலம் தட்டிக்கழித்துவந்தார், ஓடுகளை மாற்றினால் ஒழுகவில்லை. முகமூடி இல்லாமல் டப்பாவைத் தொட்டால் மாடி ஜன்னலிலிருந்து மனைவி சத்தம் போடுவாள்.

முன்ரூம் சோபாவைப் பின்ரூமுக்கு மாற்றப் போனால், அது வாசலில் நுழையவில்லை. அதைச் செய்ததே அந்த ரூமுக்குள்தான், வெளியே கொண்டுபோகிற யோசனையே அப்போது அவருக்கு இருக்கவில்லை, பரிசு கொடுத்தவர்களே மாடியேறி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சோபாக்காரர் யாரையும் தொடவிடாமல், கை வேறு கால் வேறாக அவரே பிரித்தார். ஒவ்வொரு ஆணியைப் பிடுங்கும்போதும் "அம்மா" என்றார். பிள்ளை பெறப் போகிறவள் பக்கத்திலேயே நின்று அவருக்குத் தைரியம் சொன்னாள்.

குழாய்க்காரி மறுபடியும் மூன்று குழாய் கொண்டுவந்தாள். மருமகள் மூன்றாவதை எடுத்து மாமனார் கையிலேயே கொடுத்தாள். "இதை நீங்களே வெச்சுக்கங்க மாமா. மூடினபடி."

"என்கிட்டயா?"

"உங்களைவிட இதோட அருமை தெரிஞ்சவங்க இந்த வீட்ல யாரு?"

அவர் அதைக் காத்த காவலை என்ன சொல்ல! அலமாரிப் பக்கம் யார் போனாலும், "யாரு? யாரது மூடியைத் தொடறது?" என்று குரல் கொடுத்தார். பெற்ற மகனைக்கூட நம்பவில்லை. இந்தத் தடவை கழிப்பதற்கு ஒன்றும் இல்லை. பின்ரூம் அளவுகூடப் பாதிக்குமேல் இறங்கியிருந்தது.

குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்த அன்று, முன்ரூம் ஜன்னல் வெளிச்சத்தில் வெல்வெட் போர்வைக்குள் கிடந்தது. பெண் குழந்தை. ஆளாளுக்குத் தூக்கி உச்சி மோந்தார்கள். மருமகளின் அம்மா மோந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஆமாஞ்சாமி மோந்து, யாரும் கேட்காமலேயே "ஆமாம்" என்றான். கடைசியில் குழந்தை சோபாக்காரர் கைக்கு வந்தது.

அவர் குனிந்து, பேத்தியின் உச்சியில் மூக்கை வைத்து, நெஞ்சு நிறைய இழுத்தார். ஒன்றுமே இல்லை. பச்சைத் தண்ணீர். "அடடா, வாசனை ஆளைத் தூக்குதே" என்று நாக்கு நுனிவரை வந்தது. எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை நாளில் எதையெதையோ மோக்க முடியாமல் போனதற்கெல்லாம் வராத அழுகை அப்போது வந்தது.

குழந்தையை மனைவி பக்கம் நீட்டினார். "எனக்குத் தெரியலை. எப்படி இருக்கு, நீ சொல்லேன்."

அவள் குழந்தையின் தலையில் மூக்கை வைத்து, அவசரப்படாமல் மோந்தாள். "பால் வாடைங்க" என்றாள். "வெயில்ல காஞ்ச துணியை மடிக்கும்போது வரும் பாருங்க, அதுவும் கொஞ்சம். அப்புறம் இளஞ்சூடா என்னமோ... எப்படிச் சொல்றது..."

சொல்லிக்கொண்டே வந்தவளின் முகம் திடீரென்று சுளித்தது. சோபாக்காரர் அந்த முகத்தைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"என்ன, பேத்தி வேலையைக் காட்டிட்டாளா?"

"இதுல மட்டும் நீங்க தப்பறதே இல்லை" என்று சொல்லி, அவள் குழந்தையை மறுபடியும் அவர் கையிலேயே கொடுத்தாள். "நீங்களே மாத்துங்க. உங்களுக்குத்தான் நாறாதே."